மான் கடித்த உயரம்

அத்தியாயம் 9

"மூட்டையை இன்னும் கொஞ்சம் நகர்த்துடா. ஈரத்துல உட்கார்ந்தா துப்பறியிற மூளைக்குச் சளி பிடிச்சுக்கும்."

"மூளை அங்கயா இருக்கு சித்தி? இத்தனை நாள் நான் தலையில இருக்குன்னு நினைச்சேன்."

ரிஸ்தென் ஊன்றுகோலை ஓங்கினாள். ஹெய்க்கா சிரித்தபடி விலகி, கார் டிக்கியிலிருந்து தூக்கி வந்திருந்த மூட்டையை சதுப்பின் ஓரத்தில், காய்ந்த புல்லின் மேல் தள்ளிப் போட்டான். பனிக்காலத்தில் பின்சக்கரம் வழுக்காமல் இருக்க, உலகின் வடகோடியான அந்தப் பக்கத்து டிக்கிகளில் ஏதாவது ஒரு பாரம் கிடக்கும். ஜூன் பிறந்தும் அவன் தன்னுடையதை இறக்கவில்லை. சோம்பேறி என்று ஊர் சொன்னது. அவனும் இல்லையென்று சொல்லவில்லை.

ரிஸ்தெனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் போலீஸில் இருந்துவிட்டு, இப்போது டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். எத்தனையோ போக்கிரிகளைத் துரத்தியும் உடையாத அவள் கணுக்கால், போன வாரம் அந்த டயர் கடை மாடிப்படியில் உடைந்தது. ஹெய்க்கா அவளுடைய அக்கா மகன். நாற்பத்தொரு வயது. டிரைவர், எழுத்தர், எடுபிடி எல்லாம் அவன்தான். சம்பளத்தைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

வழக்கு இதுதான். மே மாதம் பனி உருகியபோது, பாதுகாக்கப்பட்ட ருவோஸ்தா காட்டில் ஏழு கிழட்டு பைன் மரங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. ஒரு கட்டைகூடத் திருடு போகவில்லை. கிளைகளில் தொங்கிய தாடிப்பாசி மட்டும் சுத்தமாகக் காணோம். நம் கறிக்குழம்பில் போடுகிற கல்பாசிக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். கறுப்பாக, முடிமுடியாக, வயதான மரங்களில்தான் தாராளமாகத் தொங்கும். ஜனவரியில் மழை பெய்து பனியின் மேல் ஐஸ் கட்டிவிட்டால், அங்கே மந்தையாக வளர்க்கிற பனிமானால் தரையைத் தோண்டித் தின்ன முடியாது. அப்போது மரத்தில் தொங்கும் இந்தத் தாடிதான் அதற்குக் கடைசிச் சோறு.

இந்த வருடம் ஜனவரியில் மழை பெய்தது. இஸ்ஸாத் என்ற மான்காரன் வனத்துறையிடம் போய், நாலு மரம் வெட்டிக்கொள்ளட்டுமா என்று முறையாகக் கேட்டான். கூடாது என்றார்கள். மே மாதம் கட்டைகளைப் பார்த்ததும், கேட்டவன்தானே வெட்டியிருப்பான் என்று ஜனவரித் தேதி போட்டு வழக்கு எழுதிவிட்டார்கள். போதாததற்கு, தெற்கிலிருந்து வந்த அதிகாரி, "உங்களுக்கு எத்தனை மான் இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தார். அந்த மண்ணில் ஒருவனைப் பார்த்து அப்படிக் கேட்பது, அவன் சட்டைப் பைக்குள் கையை விடுவதற்குச் சமம். "இருக்கு, கொஞ்சம்" என்றான் இஸ்ஸாத். 'மழுப்புகிறார்' என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.

திங்கட்கிழமை தீர்ப்பு. குற்றம் உறுதியானால் அந்தக் காட்டில் ஐந்து வருடம் இஸ்ஸாத்துக்கு மேய்ச்சல் கிடையாது. காடு போனால் மந்தை போகும். மந்தை போனால் இஸ்ஸாத் என்று ஒருத்தன் இருப்பதில் அர்த்தமில்லை. அவன் மனைவி இங்கா டயர் கடை மாடியேறி வந்து, ரிஸ்தெனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அந்த அழுகையை டைப் அடித்தவன் ஹெய்க்கா.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்த ஏழு மரங்களையும் வெட்டியவனும் ஹெய்க்காதான்.

"டேப்பை எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போ" என்றாள் ரிஸ்தென். "ஒவ்வொரு அடிக்கட்டையும் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு அளந்து சத்தமா சொல்லு. வந்தவங்க கட்டையை எண்ணிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தனுக்கும் அதோட உயரத்தைப் பார்க்கத் தோணல."

"உயரத்துல என்ன சித்தி இருக்கு?" அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கா தெரியாது?

"பனி மேல நின்னு வெட்டுறவன் பனி மட்டத்துலதான்டா வெட்டுவான். மிச்சம் நிக்கிற கட்டையோட உயரம்தான் அன்னிக்கு இருந்த பனி. ஜனவரியில இங்க அரை மீட்டர். மார்ச் கடைசியில தொண்ணூறுக்கு மேல. மார்ச் மாசம் இஸ்ஸாத் எங்க இருந்தான்?"

"ஆஸ்பத்திரியில. பனி ஸ்கூட்டரைக் கவுத்து இடுப்பை உடைச்சுக்கிட்டு."

"மூணு வாரம். கட்டை உயரமா இருந்தா அவன் தப்பிச்சான். போ."

சதுப்பின் மேல் போட்டிருந்த பலகை வழியே ஹெய்க்கா நடந்தான். கொசுக்கள் மேளம் இல்லாத ஊர்வலமாகக் கூடவே வந்தன. மேட்டில் குட்டை ஜூனிபர் புதர்கள் இடுப்பளவு அடர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே கட்டைகள் நின்றன. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்குக் கட்டைகள் தெரியாது. அவனும், நிற்கிற மரங்களும் மட்டுமே தெரியும்.

முதல் கட்டை. வெட்டின முகத்தில் பிசின் வடிந்து மஞ்சளாக உறைந்திருந்தது. வளையங்களை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நாற்பது வரை எண்ணினான். பாதிகூட வரவில்லை. டேப்பை இழுத்தான். தொண்ணூற்றிநாலு.

வாயைத் திறந்தால் இஸ்ஸாத் விடுதலை. ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும். மார்ச் மாதம் அவன் மான்களோடு யார் இருந்தது?

"எவ்வளவுடா?" சதுப்பைத் தாண்டி ரிஸ்தெனின் குரல் வந்தது.

"அம்பத்தஞ்சு!"

சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ரிஸ்தென் நோட்டில் குனிந்தாள். அவன் இரண்டாவது கட்டைக்குப் போனான். தொண்ணூற்றொன்று. "அம்பத்திரெண்டு!" மூன்றாவது, தொண்ணூற்றாறு. "அம்பத்தேழு!" ஒவ்வொரு எண்ணுக்கும் இங்காவின் அழுகை அவன் காதில் கேட்டது. இருந்தும் நாக்கு நிற்கவில்லை. ஏழு கட்டைக்கும் ஏழு பொய். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இஸ்ஸாத்தை அவனே ஜனவரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"அந்தப் பெரிய பைன் பக்கத்துல போய் நில்லு!"

"எதுக்கு?"

"அழகு பார்க்க! கொசு அடிக்காம நேரா நில்லுடா. தொப்பியைக் கழட்டு."

நின்றான். ரிஸ்தென் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பென்சிலைத் தூக்கிப் பிடித்து, படம் வரைகிறவள் மாதிரி ஏதோ செய்தாள். பிறகு பைனாகுலரை எடுத்து மரத்தின் மேலே பார்த்தாள். ஹெய்க்காவும் நிமிர்ந்து பார்த்தான். அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு மேலே தாடிப்பாசி கறுகறுவென்று தொங்கியது. அதற்குக் கீழே மரம் மழமழவென்று, நாவிதன் கத்தி போட்ட முகமாக இருந்தது. அது அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"போதும், வா. காபி போடு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். ஹெய்க்காவின் புளுகு காபி கொதிக்கிற வரைக்கும்தான் தாங்கியது.

அவன் கெட்டிலை நெருப்பின் மேல் தொங்கவிட்டு, மரக் கிண்ணங்களைத் துடைத்து வைத்தான். ரிஸ்தென் காய்ந்த மான்கறியைக் கத்தியால் சீவி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். அவள் மெல்லும்போது யோசிப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். இன்று ரொம்ப நேரம் மென்றாள்.

"ஹெய்க்கா, உன் உயரம் என்ன?"

"ஒண்ணே முக்கால் மீட்டர். பொண்ணு பார்க்கிறீங்களா?"

"பொண்ணு பாவம். நீ மரத்துப் பக்கத்துல நின்னப்ப பென்சில்ல உன்னை அளந்தேன். நீ ஏழு கோடு. பாசி ஆரம்பிக்கிற இடம் பத்துக் கோடு. அப்படின்னா எத்தனை மீட்டர்?"

"ரெண்டரை."

"அதுக்குக் கீழ பாசி ஏன் இல்ல?"

"மான் தின்னிருக்கும்."

"வெட்டின மரத்தைத் தின்னுட்டு, பசி அடங்காம நிக்கிற மரத்தையும் எட்டுற வரைக்கும் தின்னிருக்கு. மான் கழுத்தை நீட்டினா எவ்வளவு எட்டும்?"

ஹெய்க்கா நெருப்பைக் கிளறினான். மான்காரன் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது.

"ஒண்ணு அறுபது" என்று ரிஸ்தெனே சொன்னாள். "ரெண்டரையில அதைக் கழிச்சா, மான் நின்ன பனி தொண்ணூறு சென்டிமீட்டர். நீ சொன்ன மாதிரி அம்பத்தஞ்சு பனியில நின்னு அவ்வளவு உயரம் கடிச்சிருந்தா அது மானே இல்லடா. ஒட்டகச்சிவிங்கி. இஸ்ஸாத் ஒட்டகச்சிவிங்கி மேய்க்கிறதா இங்கா என்கிட்ட சொல்லவே இல்லியே."

"டேப்பு பழசு சித்தி..." அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் சிரித்தது.

"டேப்பு புதுசு. போன வாரம் நான்தான் வாங்கினேன்." கிண்ணத்தை நீட்டினாள். "ஊத்து."

ஊற்றினான்.

"அளந்து சொல்றதுல ஒருத்தனுக்கு ஒரு தப்பு வரலாம். ஏழும் தப்பா, ஏழும் ஒரே பக்கமா வருதுன்னா அவனுக்குச் சரியான அளவு நல்லாத் தெரியும்னு அர்த்தம். மார்ச்சுல அம்மாவுக்குப் பல்வலின்னு ரெண்டு வாரம் லீவு போட்டியே. என் அக்காவுக்கு ஏதுடா பல்லு?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கத்திவிட்டு வந்தவன் மாதிரி ஹெய்க்கா உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம். பாதியைச் சொன்னால் போதும்.

"நான்தான் வெட்டினேன்" என்றான். "இஸ்ஸாத் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணான். மானைப் பார்த்துக்கோன்னான். பட்டினியில கிடந்துச்சுங்க சித்தி. சினை மானுங்க. பார்க்க முடியல."

"இஸ்ஸாத்தும் அப்படித்தான் சொல்லாம சொல்றான்" என்றாள் ரிஸ்தென். "நீ டேப்பைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு நடந்தப்ப இங்காகிட்டேர்ந்து செய்தி வந்துச்சு. இன்னிக்குக் காலையில மரம் வெட்டினது நான்தான்னு அவன் கையெழுத்துப் போட்டுட்டானாம்."

"என்னது?"

"வெட்டினது மார்ச்சுல, அப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்னு கோர்ட்டுல சொன்னா அவன் தப்பிப்பான். ஆனா அப்ப மானை யார் பார்த்துக்கிட்டதுன்னு கேப்பாங்க. அந்தப் பேரைச் சொல்ல அவனுக்கு மனசு இல்ல. பொண்டாட்டிக்கே சொல்லலியாம். 'என் மானைக் காப்பாத்தினவனை நான் காட்டிக் குடுக்க மாட்டேன்'னு இங்காகிட்ட சொல்லியிருக்கான்."

வசவாக இருந்திருந்தால் ஹெய்க்கா தாங்கியிருப்பான். இது நெஞ்சில் போய்க் குத்தியது. காப்பாற்றினவனாம்!

"எனக்கு ஒண்ணுதான் புரியல." ரிஸ்தென் மெதுவாக எழுந்து, ஊன்றுகோலை மூட்டைக்குக் கீழே கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். மூட்டை புரண்டது. அடிப்பக்கத்தில் கறுப்பு மையில் இரண்டு மான் காதுகள் வரைந்திருந்தன. வலக்காதின் நுனியில் ஒரு வெட்டு, இடக்காதின் ஓரத்தில் இரண்டு வெட்டு. இஸ்ஸாத்தின் குறி. மானின் காதில் மட்டுமில்லை, கோடாரியிலும் படகிலும் மூட்டையிலும் அவன் போடுகிற குறி. மூட்டையின் வாயில் போட்ட தையல் பிரியவே இல்லை.

"மானுக்குத் தீவனம். மார்ச் மாசத்துச் சீட்டு தொங்குது. ஒரு மணி நேரமா நான் உன் வாக்குமூலத்து மேலதான் உட்கார்ந்திருக்கேன்டா. தீவனம் கையில இருந்தா மரத்தை எதுக்கு வெட்டணும்?"

அவன் மூட்டையின் தையலையே பார்த்தான்.

"நான் சொல்லட்டுமா? பல நாள் பட்டினி கிடந்த வயிறு மூட்டைத் தீவனத்தைத் தாங்காது. தின்ன உடனே உப்பிச் செத்துப்போகும். அதுக்கு முதல்ல கஞ்சி வேணும். மானுக்குப் பாசிதான் கஞ்சி. நீ மரம் வெட்டினது தீவனம் இல்லாததனால இல்ல. தீவனத்தை வச்சுக்கிட்டே அதுங்களைப் பட்டினி போட்டதனால. எத்தனை நாள்?"

"நாலு" என்றான். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகச் சொன்னான். இந்த மூட்டையை டிக்கியில போட்டுக்கிட்டுக் கிளம்பத்தான் செஞ்சேன் சித்தி. கைகாட்டி முனையில பசங்க நின்னாங்க. ஏரியில துளை போட்டு மீன் பிடிக்கிற போட்டி, ஒரு நாள்தான்னாங்க. குடிச்சேன். ஒரு நாள் நாலு நாளாச்சு. ஏற்கெனவே எலும்பா இருந்த மானுங்க. நான் வந்து பார்த்தப்ப..."

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். கொசுக்கள் புறங்கையில் வரிசையாக உட்கார்ந்தன. அவன் விரட்டவில்லை.

"அப்புறம் ராத்திரி பகல்னு பார்க்கல. ஒவ்வொண்ணா வெட்டினேன். பொழைச்சதுங்க எல்லாம் அந்தப் பாசியிலதான் பொழைச்சுது. அந்த மூட்டையை மட்டும் டிக்கியிலேர்ந்து இறக்க கை வரல. வெளியில எடுத்தா யாராவது கேப்பாங்கன்னு... எனக்கே தெரியல ஏன்னு."

ரிஸ்தென் திட்டவில்லை. தன் போனை எடுத்து நீட்டினாள். "இங்க செய்தி வந்து விழும், பேசத்தான் சிக்னல் பத்தாது. மேட்டுல வரும். போலீஸுக்கு அப்புறம் பேசலாம். முதல்ல பேச வேண்டியவன்கிட்ட பேசு."

மேட்டிலும் தரையில் நின்றால் சிக்னல் வரவில்லை. கடைசியில் அவன் வெட்டிய கட்டை ஒன்றின் மேலேயே ஏறி நிற்க வேண்டியிருந்தது. பூட்ஸில் பிசின் ஒட்டியது. மணி ஐந்தாறு தடவை அடித்தது.

"ம்" என்றது இஸ்ஸாத்தின் குரல்.

"நான்தான்டா. அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கு. மரத்தை வெட்டினது நான்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. முழுசா கேளு. தீவனம் தீரல. நாலு நாள் நான் போகவே இல்ல. குடிச்சிட்டு மீன் பிடிச்சுக்கிட்டிருந்தேன். நான் வர்றதுக்குள்ள..." இன்னொருத்தன் மானை எண்ணிச் சொல்ல அவன் நாக்கு பழகியதில்லை. இருந்தும் சொன்னான். "பதினொண்ணு செத்துப்போச்சு. என்னால."

மறுமுனையில் நாய் ஒன்று குரைத்து அடங்கியது.

"பன்னிரண்டு" என்றான் இஸ்ஸாத். "ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு கிடந்துச்சு. நீ அங்க பார்க்கல."

ஹெய்க்கா பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டான். "அப்ப உனக்கு..."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே ஊன்றுகோலோட போய்ப் பார்த்தேன். செத்ததோட வயித்தைக் கிழிச்சுப் பார்த்தா எத்தனை நாளா காலின்னு தெரியாதா?"

"தெரிஞ்சும் எதுக்குடா கையெழுத்துப் போட்ட? காப்பாத்தினவன்னு இங்காகிட்ட சொன்னியாமே?"

"பொழைச்சது உன்னால பொழைச்சுது. அதுவும் நிஜம்தானே?" என்றான் இஸ்ஸாத். "நீ வந்து சொல்லுவேன்னு ஏப்ரல்லேர்ந்து வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நாய் குரைச்சா நீதான்னு எழுந்து போவேன். நேத்து ராத்திரி வரைக்கும் பார்த்தேன். சரி, இனிமே நீ வர மாட்டேன்னு காலையில கையெழுத்துப் போட்டேன்."

ஹெய்க்கா அழுதான். நாற்பத்தொரு வயதில், இருநூறு வருட மரத்தின் கட்டை மேல் நின்றுகொண்டு சத்தமாக அழுதான்.

"இப்ப வரட்டுமாடா?"

"வா." நாய் மறுபடி குரைத்தது. "ஆனா காபி கிடையாது."

அந்த ஊரில் யார் வந்தாலும், ஜப்தி செய்ய வருகிறவனுக்கும்கூட, முதலில் காபிதான். இஸ்ஸாத் போனை வைத்துவிட்டான்.

ஹெய்க்கா உடனே மேட்டிலிருந்து இறங்கிப் போகவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு முதல் கட்டைக்குப் போய் மறுபடி அளந்தான். ஏழையும் அளந்து முடித்துச் சதுப்பைத் தாண்டி வந்தபோது ரிஸ்தென் நெருப்பை அணைத்துவிட்டு, காரில் சாய்ந்து நின்றிருந்தாள். நோட்டை அவனிடம் திருப்பிக் காட்டினாள். ஒன்று முதல் ஏழு வரை வரிசை எண்கள் இருந்தன. எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"நீ கத்தினதை எல்லாம் எழுதினேன்னா நினைச்ச?" என்றாள். "எழுதிட்டா அப்புறம் அடிக்கணும். கோர்ட்டுல அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. முதல் கட்டை?"

"தொண்ணூத்திநாலு."

எழுதிக்கொண்டாள். "ரெண்டாவது?"

"தொண்ணூத்தொண்ணு." அவன் குனிந்து மூட்டையைத் தோளில் தூக்கினான். காதுகள் வரைந்த பக்கம் வெளியே தெரிந்தது. "மீதியை வழியில சொல்றேன் சித்தி. முதல்ல இதை இறக்க வேண்டிய இடத்துல இறக்கணும்."